கொச்சி வெளியின் வண்ணார் சங்கம்: தொழில், இடம், உரிமை

கேரளத்தின் மேற்குக் கொச்சியில், மட்டாஞ்சேரியை அடுத்துக் கோட்டைக் கொச்சியின் பகுதியாக 'வெளி' என்றோர் இடம் உள்ளது. மலையாளத்திலும் தமிழிலும் ஒரே பொருள் தரும் சொல் இது. திறந்த நிலத்தைக் குறிப்பது. அவ்விடத்தில், தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து சென்று குடியேறிய வண்ணார் குடும்பங்கள் பொதுவில் நடத்திவரும் ஒரு வெளுப்பிடம் இருக்கிறது. ஊரார் அதனைத் 'தோபி கானா' என்கின்றனர். அதன் நடைமுறையைப் பேணும் அமைப்பின் பெயர் 'வண்ணார் சங்கம்'. நிலத்துக்குத் திராவிடப் பெயர், தொழிற்கூடத்துக்குப் படைமுகாம்களில் வழங்கிய இந்துஸ்தானிப் பெயர், அமைப்புக்குத் தமிழ்ப் பெயர் என மூன்றும் அடுத்தடுத்து நிற்பதே அவ்விடத்தின் வரலாற்றை ஓரளவு சொல்லிவிடுகிறது.

கொச்சிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு இவ்வெளுப்பிடம் ஒரு காட்சி. கயிறுகளில் காயும் வெள்ளைத் துணிகளும், கரி நிரப்பிய இரும்புப் பெட்டிகளும் படமெடுக்க உகந்தவை. தமிழாய்வு இவர்களைக் கண்டதோ வேறு வகையில். புலம்பெயர்ந்தோர் என்றால் இலங்கை, மலேசியா, தென்னாப்பிரிக்கா என்று கடல் கடந்தோரையே நாம் பேசியிருக்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்தோர் குறைவாகவே பேசப்பட்டனர். காட்சிப்பொருளாகவும் அன்றி, மறக்கப்பட்ட கிளையாகவும் அன்றி, நலிந்த ஒரு சமூகம் தன் பொருளியல் வாழ்வைத் தானே ஒழுங்குபடுத்திக்கொண்ட முறைக்குச் சான்றாக இச்சங்கத்தை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். அம்முறையின் வலிமையோடு அதன் எல்லையும் இங்குக் கருதப்படுகிறது.

இலக்கியம் கண்ட வெளுப்புத் தொழில்

சங்க இலக்கியத்தில் துணி வெளுப்பவள் 'புலைத்தி' எனப்படுகிறாள். குறுந்தொகை 330ஆம் பாடலில் அவள் ஆடைக்குப் பசையிட்டுக் குளிர்ந்த குளத்து நீரில் அலசுகிறாள். நற்றிணை 90ஆம் பாடலில் விழாக்கொண்ட மூதூரில் ஓய்வின்றி இரவில் துணி தோய்க்கிறாள். அங்கும் கஞ்சிப் பசை குறிக்கப்படுகிறது. ஔவையார் பாடிய புறநானூறு 311ஆம் பாடலில் களர்நிலத்தில் தோண்டிய கிணற்றில் நாள்தோறும் வெளுக்கிறாள். இம்மூன்று பாடல்களிலும் அவள் பாட்டின் பொருளல்லள். தலைவியின் பிரிவுத் துயரையோ பரத்தையின் கோலத்தையோ வீரனின் நிலையையோ சொல்லவந்த புலவர், உவமைக்கும் அடைமொழிக்கும் அவளை எடுத்துக்கொள்கிறார். எனினும் தொழில்நுட்ப நோக்கில் இப்பாடல்கள் தரும் செய்தி செறிவானது. நீர், களர், பசை, விழாக்காலத்து மிகுதியான வேலை, இரவு உழைப்பு ஆகிய ஐந்தும் இவற்றில் உள்ளன. களர்மண்ணின் காரத்தன்மை அழுக்கை நீக்க உதவுவது. உவர்மண் கொண்டு வெள்ளாவி வைக்கும் முறை அண்மைக்காலம் வரை நம் ஊர்களில் வழங்கியதை மூத்தோர் அறிவர்.

பெரியபுராணத்துத் திருக்குறிப்புத்தொண்ட நாயனார் வரலாறு இன்னும் அணுக்கமான சான்று. காஞ்சிபுரத்து ஏகாலியரான அவர், குளிரால் நடுங்கும் ஓர் அடியவரின் கந்தையைப் பொழுது சாய்வதற்குள் வெளுத்துத் தருவதாக ஒப்புக்கொள்கிறார். மழை பிடித்துக்கொள்கிறது, துணி உலரவில்லை. சொன்ன சொல் தவறியதற்காகத் துவைக்கும் பாறையில் தலையை மோதுகிறார். இறைவன் கை நீட்டித் தடுக்கிறான். பக்தி வரலாறாக இதனைப் பலமுறை படித்திருக்கிறோம். தொழில் வரலாறாகப் படிப்போமாயின், இக்கதையின் முடிச்சு முழுவதும் உலர்த்துவதில் இருப்பது புலனாகும். துவைப்பது தொழிலாளியின் கையில் உள்ளது. காய்வது அவன் கையில் இல்லை. ஒப்புக்கொண்ட நேரம் ஒருபுறமும் வானம் மறுபுறமும் நெருக்க, இடையில் நிற்பவன் தனி ஆள். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் கொச்சியில், சூன் முதல் செப்டம்பர் வரையான தென்மேற்குப் பருவத்தில், இந்நெருக்கடி ஒருநாள் நிகழ்ச்சியன்று. நான்கு மாத நடைமுறை.

குடிமையிலிருந்து கூலிக்கு

டச்சுக்காரர் 1663இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயரிடம் அதனை இழக்கும்வரை அவர்களது மலபார் ஆட்சியின் தலைமையிடம் கொச்சிக் கோட்டையே. டச்சுப் படைவீரர்களின் சீருடைகளை வெளுப்பதற்காகத் தம் முன்னோர் 1720களில் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டனர் என்பது வெளியில் வாழும் வண்ணார் சமூகத்தின் வழிவழிச் செய்தி. நாகப்பட்டினமும் தூத்துக்குடியும் 1658 முதலே டச்சுக்காரர் வசம் இருந்தன. ஆகவே சோழமண்டலக் கரைக்கும் மலபார்க் கரைக்கும் இடையே ஆட்களைக் கொண்டுசெல்லும் வழி அவர்களுக்கு இயல்பாகவே இருந்தது. வாய்மொழிச் செய்தி இப்பின்னணியோடு முரண்படவில்லை. வணிகக் குழுமங்கள் வண்ணாரைத் தம் கோட்டைகளுக்கு அருகே குடியமர்த்தியது கொச்சிக்கு மட்டும் உரியதன்று. சென்னையின் வண்ணாரப்பேட்டை, ஆங்கிலக் கிழக்கிந்தியக் குழுமத்தின் துணி வணிகத்துக்காக வெளுப்போர் தங்கிய இடமாகப் பெயர் பெற்றது.

இப்பெயர்வில் நிகழ்ந்த மாற்றம் இடமாற்றம் மட்டுமன்று. தமிழக ஊர்களில் வண்ணார் 'குடிமக்கள்' வரிசையில் வைக்கப்பட்டவர். யாழ்ப்பாணத்தில் இம்முறைக்குக் 'குடிமை' என்றே பெயர். அங்கே வெளுப்பவர் 'கட்டாடி'. ஊர்க்குடும்பங்களின் அழுக்கு எடுத்தல், பூப்பு, மகப்பேறு, இறப்புச் சடங்குகளில் மாற்றுத் துணி அளித்தல், நடைபாவாடை விரித்தல் ஆகியன அவர் கடமைகள். இவற்றுக்கு ஈடு, அறுவடைக்களத்தில் அளக்கும் தவசமும் மாலையில் வீடுதோறும் எடுக்கும் சோறும். அது கூலியன்று, கேட்டுப் பெறும் உரிமையுமன்று, கொடுப்போர் மனம் சார்ந்தது. வேலையை மறுத்தால் ஊரையே மறுத்ததாகிவிடும். தாழ்த்தப்பட்டோருக்கு வெளுக்கும் புதிரை வண்ணாரின் நிலை இதனினும் கீழ். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) புதினத்தில் வரும் ஆரோக்கியத்தின் வாழ்வை அறிந்த வாசகருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கோட்டைப் படைவீரனுக்கு அறுவடைக்களம் இல்லை. அவன் வீட்டுப் பூப்புச் சடங்குக்கு மாற்றுத் துணி வேண்டியதில்லை. அவனுக்கு வேண்டியது வெளுத்த சீருடை. அவனால் தரத்தக்கது காசு. இதனோடு இணைத்துக் காணவேண்டிய மற்றொரு செய்தி உண்டு. கேரளத்துச் சாதி ஒழுங்கில், சடங்குத் துணி தரும் உரிமை வெளுத்தேடர், மண்ணான், வண்ணான், வேலன் முதலிய உள்ளூர்ச் சமூகங்களுக்குரியதாக இருந்தது. வடமலபாரில் வண்ணான் எனப்படும் சமூகத்தார் தெய்யம் ஆடும் உரிமையும் பெற்றவர்கள். வெளியிலிருந்து வந்த தமிழ் வண்ணாருக்கு அந்த ஒழுங்கில் இடமில்லை. மேற்பார்வைக்கு இது இழப்பாகத் தோன்றலாம். சடங்கு உரிமை இல்லாதபோது சடங்குக் கடமையும் இல்லாமற்போகிறது என்பதே இதன் மறுபக்கம். துணியின் எண்ணிக்கைக்குக் காசு என்ற கணக்கில் இச்சமூகம் தன் பிறப்பூர்ச் சாதியினரைவிட மிக முன்னதாகவே நுழைந்தது எனக் கருத இடமுண்டு. இழிவு முற்றும் நீங்கியதென்று சொல்வதற்கில்லை. ஆனால் இழிவுக்கும் ஊதியத்துக்கும் இருந்த கட்டு தளர்ந்தது.

ஆங்கிலேயர் கொச்சிக் கோட்டையின் பெரும்பகுதியை 1806இல் இடித்தனர். கோட்டை போயிற்று, துணி போகவில்லை. ஆஸ்பின்வால், பியர்ஸ் லெஸ்லி போன்ற ஐரோப்பிய வணிக நிறுவனங்களும் அவற்றைச் சார்ந்தோரும், துறைமுகத்துக்கு வரும் கப்பல்களும், பின்னர் விடுதிகளும் மருத்துவமனைகளும் வெளுப்புத் தொழிலுக்கு இடங்கொடுத்தன. கோட்டைக் கொச்சி அக்காலத்தில் 'பிரிட்டிஷ் கொச்சி' என்ற பெயரில் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் சேர்ந்திருந்ததையும், நடந்துபோகும் தொலைவிலுள்ள மட்டாஞ்சேரி கொச்சி அரசரின் நாட்டில் இருந்ததையும் தமிழ் ஆய்வாளர் மறத்தல் கூடாது. 1956 வரை, இவ்வண்ணார் குடியிருப்பின் ஆட்சித் தலைநகரம் சென்னையே.

பொதுவும் தனியும்

பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் 1976இல் வெளியில் இன்றுள்ள வெளுப்பிடத்தைக் கட்டியது. அதற்கு முன்பு குளங்களையும் கிணறுகளையும் நம்பியே தொழில் நடந்தது. கொச்சியின் புவியியலை அறிந்தோர்க்கு இதன் இடர் விளங்கும். மூன்று பக்கம் உப்புநீர் சூழ்ந்த நிலம் அது. குடிநீரை ஆலுவாயிலிருந்து படகில் கொண்டுவந்த காலமும் உண்டு. உவர்நீரில் சோப்பு நுரைக்காது, துணியும் வெளுக்காது. ஆகவே வெளுப்போர்க்கு நன்னீர் உள்ள இடம் மூலதனத்தின் முதற்கூறு. நகரம் பெருகி நிலத்தின் விலை ஏற ஏற, ஏழைத் தொழிலாளி முதலில் இழப்பதும் அதனையே.

வெளுப்பிடத்தின் அமைப்பு எளியது. ஏறத்தாழ 40 துவைப்பறைகள். ஒவ்வொன்றிலும் நீர்த்தொட்டியும் துவைகல்லும். அவற்றையடுத்துத் திறந்த உலர்த்துநிலம். தேய்ப்பதற்கு ஒரு பொதுக் கூடம். உலர்த்துநிலத்தில் இரட்டைப் புரியாக முறுக்கிக் கட்டிய கயிறுகளின் இடையில் துணியின் முனையைச் செருகிவிடுகின்றனர், கவ்வி தேவையில்லை, காற்றடித்தாலும் துணி பறப்பதில்லை. பருத்தித் துணிக்குக் கஞ்சி, வெள்ளைத் துணிக்கு நீலம், தேய்ப்பதற்குக் கரிப்பெட்டி. சங்கப் பாடல்கள் சொல்லும் பசை, அரிசிக் கஞ்சியாக இங்கு இன்றும் தொடர்வதைச் சுட்டலாம்.

இவ்வமைப்பில் எது பொது, எது தனி என்பதே இக்கட்டுரையாளர் முதன்மையாகக் கருதும் வினா. நிலம், நீர், உலர்த்தும் வெளி, தேய்ப்புக் கூடம் ஆகியன பொது. துவைப்பறை குடும்பத்துக்கு உரியது. வாடிக்கையாளரும் வருவாயும் தனி. துணிக்கு இடும் அடையாளமும் தனி. 'வண்ணான் குறி' என்று நாம் அறிந்த அவ்வடையாளம், பழைய நாளில் சேங்கொட்டைச் சாற்றால் இடப்பட்டது, துவைத்தாலும் அழியாதது. நூற்றுக்கணக்கான ஒரே மாதிரி வெள்ளைத் துணிகள் ஒரே வெளியில் காயும்போது, எது எவருடையது என்பதில் பிணக்கு எழாமல் காப்பது இக்குறியே. எழுத்தறிவுக்கு வெளியே வைக்கப்பட்ட ஒரு சமூகம் தனக்கெனக் கண்ட எழுத்து என்று இதனைக் கூறினால் மிகையாகாது. பொதுவில் வைத்தும் கலக்காமல் காத்துக்கொள்வதற்கான அறிவு தொழிலுக்குள்ளேயே இருந்தமையால், பொது இடத்தை ஏற்பது இவர்களுக்கு எளிதாயிற்று.

பொதுச்சொத்து என்றால் எவரும் பேணாது அழியும் என்ற கருத்தை மறுத்து, பயன்படுத்துவோரே விதி வகுத்து நீண்டகாலம் காத்துவரும் சொத்துகளை உலகின் பல பகுதிகளிலிருந்து எடுத்துக்காட்டியவர் எலினோர் ஆஸ்ட்ரம். 1990இல் வெளிவந்த அவரது நூல் மீன்பிடிநீர், பாசனக் கால்வாய், மலைப்புல்வெளி ஆகியவற்றைப் பேசியது. 2009இல் பொருளியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. நம் ஏரிப்பாசனத்தின் நீர்ப்பங்கீட்டு முறைகளை அறிந்த நமக்கு இக்கருத்து புதிதன்று. கொச்சி வெளியின் சிறப்பு, இம்முறையை நிலவுடைமையற்ற ஒரு சேவைச் சாதி, நகரத்தின் நடுவில் கையாண்டது என்பதே. ஏரியில் பங்குடையவன் நிலமுடையவன். இங்கோ உழைப்பைத் தவிர வேறு உடைமை இல்லாதவர்கள் பங்காளிகள்.

இதனை முழுமையாகச் 'சமூகம் தானே செய்த வளர்ச்சி' என்று புகழ்ந்துவிடவும் இயலாது. கட்டடம் அரசு அமைப்பின் பணத்தில் எழுந்தது. ஆணையம் கட்டித்தராதிருந்தால் சங்கத்துக்கு உறுதியான இடம் இருந்திராது. சங்கம் இல்லாதிருந்தால் ஆணையத்தின் கட்டடம் பல நகராட்சிச் சந்தைக் கட்டடங்களைப் போலப் பூட்டிக் கிடந்திருக்கும். வளர்ச்சித் திட்டங்கள் பெரும்பாலும் தனிநபர் கடனாகவோ பயிற்சியாகவோ வருகின்றன. தேய்ப்புப் பெட்டி வழங்கும் விழாக்களை நாம் நாளிதழ்களில் காண்கிறோம். பெட்டி பெற்றவர் அதனை எந்த மரத்தடியில் வைத்துத் தேய்ப்பார் என்ற கேள்வி அவ்விழாக்களில் எழுவதில்லை. வெளியில் முதலில் தரப்பட்டது இடமும் நீரும். ஏனையவற்றைத் தொழிலாளர் தாமே பார்த்துக்கொண்டனர்.

சாப்பா எறிந்த கரை

இடமற்றவர் நிலை என்னவாயிற்று என்பதை அறிய வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. அருகிலுள்ள மட்டாஞ்சேரிப் பண்டகசாலைக் கரையே போதும். இராபர்ட் பிரிஸ்டோவின் முயற்சியால் கொச்சித் துறைமுகம் ஆழப்படுத்தப்பட்டு, 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் உள்துறையை அடைந்தது. சரக்கேற்றும் இறக்கும் வேலை பெருகியது. வேலை தேடுவோரும் பெருகினர். அன்றைய வேலைக்கு ஆள் எடுத்த முறை 'சாப்பா' எனப்பட்டது. முத்திரை என்ற பொருளில் தமிழிலும் வழங்கிய சொல் அது. அங்கு உலோக வில்லையைக் குறித்தது. ஒப்பந்தக்காரரின் ஆள் வில்லைகளைக் கூட்டத்தின்மீது எறிவான்; அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கே அன்றைய வேலை. பசித்தவரைப் பசித்தவரோடு மோதவிட்ட முறை என்பதற்குமேல் இதனை விளக்க வேண்டியதில்லை.

இம்முறையை எதிர்த்து 1953 சூலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் இரண்டரை மாதம் நீண்டது. செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை சுட்டது. சைது, சைதலவி, ஆன்றணி ஆகிய மூவர் அப்போராட்டத்தில் உயிர்நீத்தோராக நினைவுகூரப்படுகின்றனர். சாப்பா ஒழிந்தது 1962இல். கே. எம். சிதம்பரன் இதனை நாடகமாக எழுதினார். அதனைத் தழுவி ராஜீவ் ரவி இயக்கிய 'துறமுகம்' திரைப்படம் 2023இல் வெளிவந்தது. துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் 1948இலேயே இயற்றப்பட்டிருந்தும், கொச்சிக் கரையில் சாப்பா ஒழிய மேலும் 14 ஆண்டுகளும் மூன்று உயிர்களும் ஆயின.

துறைமுகத் தொழிலாளி கேட்டது வேலையின் முறையை; வில்லை எறிபவனின் கைக்கு மாற்றாக ஒரு பதிவேட்டை. வண்ணாருக்கு வாய்த்தது வேலை செய்யும் இடம். இரண்டும் ஒரே தேவையின் இரு வடிவங்கள் எனத் தோன்றுகிறது. ஒருவன் மற்றொருவனைத் தள்ளிவிட்டுத்தான் பிழைக்க வேண்டும் என்ற நிலையை நீக்குவதே இரண்டின் பயனும். வெளியில் குடும்பத்துக்கு ஓர் அறை என்ற ஏற்பாடு இருப்பதால், துவைகல்லுக்காக விடியலில் முந்திக்கொள்ள வேண்டியதில்லை. இதன் மதிப்பைச் சாப்பாவின் வரலாற்றை அறிந்தபின்னரே நாம் முழுமையாக உணர முடிகிறது.

சங்கத்தின் பெயரும் அதன் எல்லையும்

இனி, இச்சங்கம் சாதியின் பெயரைத் தாங்கியிருப்பது குறித்துப் பேசியாகவேண்டும். தமிழகத்தில் 'வண்ணார்' என்ற சொல்லைத் தவிர்த்துச் 'சலவைத் தொழிலாளர்', 'ஏகாலி', 'இராசகுலம்' என்னும் பெயர்கள் விரும்பப்படுகின்றன. அரசின் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலும் சலவைத் தொழிலாளர் என்ற தொடர் சேர்ந்தே உள்ளது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டைப் பகுதியிலும் மட்டும் இதே சமூகம் பட்டியல் சாதியாகக் கொள்ளப்படுகிறது. அவ்விடங்கள் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தவை என்பதே காரணம். ஒரே சாதியின் தகுதி மாநில எல்லையால் மாறுவதற்கு இதனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. கொச்சியில் 'வண்ணார் சங்கம்' என்ற பெயரைக் கூச்சமின்றி வழங்க முடிந்ததற்கு, ஊர்க்குடிமையின் நினைவு அச்சொல்லில் அங்கே அத்துணை அழுத்தமாகப் படியாமையே காரணம் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. அங்கே அப்பெயர் முதலில் ஒரு மொழியையும் ஒரு கைத்தொழிலையும் குறித்தது.

ஆயினும் பெயர் பெயராக மட்டும் நிற்பதில்லை. சங்கத்தில் இடம் பிறப்பால் வருமாயின், தொழிலும் பிறப்பால் வருவதாகவே முடியும். எந்த அமைப்பு நலிந்தோரைக் காத்ததோ அதுவே அவர்களை அத்தொழிலில் கட்டியும் வைக்கக்கூடும். இம்முரணைத் தெளிவாகக் காண மலபாரின் மற்றொரு சங்கத்தை ஒப்பிடலாம். வடகரைக்கு அருகே ஊராளுங்கலில், வாக்படானந்தரின் ஆத்மவித்யா சங்கத்தைச் சார்ந்ததற்காக நிலவுடைமையாளரால் வேலை மறுக்கப்பட்ட தொழிலாளர் 14 பேர், 1925இல் ஒரு கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினர். தொடக்க மூலதனம் ஆறு அணா. இன்றைய கணக்கில் 37 காசு. அன்று அதுவும் சென்னை மாகாணத்து ஊரே. சாலை, பாலம், கட்டடம் எனப் பணிகளை ஒப்பந்தமெடுத்து வளர்ந்து, நாட்டின் பெரிய தொழிலாளர் கூட்டுறவுகளுள் ஒன்றாயிற்று. 2016இல் கோழிக்கோட்டில் ஒரு தகவல்தொழில்நுட்பப் பூங்காவையும் திறந்தது. ஊராளுங்கல் சாதி மறுப்பிலிருந்து பிறந்த சங்கம். உழைப்பவர் எவரும் உறுப்பினராகலாம் என்ற வழியில் விரிந்தது. வெளியின் சங்கம் சாதியைத் தளமாகக் கொண்டு பிறந்தது, சிறியதாகவே நின்றது.

இவ்வொப்பீட்டைக் கொண்டு ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவது எளிது, அது நேர்மையாகாது. மண் வெட்டுவதும் கல் சுமப்பதும் எல்லாச் சாதி ஏழைகளும் செய்யும் வேலை. பிறர் அழுக்கை வெளுக்கும் வேலைக்கு, இயந்திரமின்றிக் கையால் செய்யும் வரையில், பிற சாதியார் முன்வந்ததில்லை. கதவைத் திறந்து வைத்தாலும் உள்ளே வருவார் இல்லாதபோது, சங்கம் குறுகியது என்று குறைகூறுவதில் பொருளில்லை. கேரள அரசு 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கம் இதற்கு ஒரு வழி காட்டுவதாகச் சொல்லலாம். அயற்கூட்டம் என்ற அதன் அடிப்படைக் குழு, அண்டை வீடுகளைக் கொண்டு அமைகிறது. அங்கே பிறப்பன்று, அருகாமையே உறுப்புரிமையின் அடிப்படை. ஆனால் அது பெண்களின் சேமிப்பிலிருந்து வளர்ந்த அமைப்பு. தலைமுறைத் தொழிலொன்றின் இடத்தைக் காப்பது அதன் நோக்கமாக இருந்ததில்லை.

வெளியில் இன்று எழுந்துள்ள நெருக்கடி இம்முரணிலிருந்தே பிறக்கிறது. பிள்ளைகள் படிக்கின்றனர், வேறு வேலைக்குப் போகின்றனர். அவர்கள் போவது இச்சங்கத்தின் வெற்றி என்றே கொள்ளத்தக்கது. துவைகல்லில் ஈட்டிய காசுதான் அவர்களைப் படிக்க வைத்தது. அவ்வெற்றியே அறைகளை வெறுமையாக்குகிறது. சலவை இயந்திரம் ஒருபுறம் வீட்டு வேலையைக் குறைத்தாலும், விடுதிகளும் இல்லத் தங்குமிடங்களும் பெருகியதால் படுக்கை விரிப்புகளும் திரைகளும் மறுபுறம் வந்து சேர்ந்தன. அவ்வகை வேலை சுற்றுலாவைச் சார்ந்தது. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் முடக்கப்பட்டு விடுதிகள் மூடப்பட்டபோது அதன் நிலையாமை வெளிப்பட்டது. டச்சுப் படை, ஆங்கில வணிக நிறுவனம், இன்று விடுதி என்று வாடிக்கையாளர் மாறிக்கொண்டே வந்துள்ளனர். நிலைத்து நின்றது இடம் ஒன்றே. கோட்டைக் கொச்சியில் மனையின் விலை இன்று எத்தகையது என்பதை அறிந்தோர், உலர்த்துநிலமாகக் கிடக்கும் வெளியின்மீது எத்தனை கண்கள் விழும் என்பதைச் சொல்லாமலே அறிவர். அறைகள் வெறுமையானால் அந்நிலத்துக்கு உரிமை கோர எவர் மிஞ்சுவர்? அவ்விடம் ஒரு சாதிக்குத் தரப்பட்டதா, ஒரு தொழிலுக்குத் தரப்பட்டதா என்ற கேள்வி அன்று எழுந்தே தீரும். தொழிலுக்கே என்று சங்கம் முன்கூட்டியே முடிவுசெய்து, தொழிலைக் கற்க முன்வரும் எந்த ஏழைக் குடும்பத்துக்கும் அறை தரும் விதியை வகுத்துக்கொள்வது நல்லது என்பது இக்கட்டுரையாளர் எண்ணம். பெயரை மாற்ற வேண்டும் என்பது இதற்குப் பொருளன்று. நெசவாளர் காலனி என்ற பெயருடைய ஊர்களில் இன்று நெசவு செய்யாதோரும் வாழ்கின்றனர். பெயர் வரலாறாக நிலைத்துவிட்டது.

தமிழ்த்துறைகள் இதில் ஆற்றத்தக்க பணி உண்டு. வெளியின் மூத்தோரிடம் வழங்கும் தொழிற்சொற்கள், குடும்பக் குறிகள், மலையாளம் கலந்த தமிழ்ப் பேச்சு ஆகியவற்றை ஒலிப்பதிவு செய்து தொகுப்பது முதற்பணி. இரண்டாவது பணிக்குக் கொச்சி வரை செல்லவும் வேண்டியதில்லை. டச்சுக்காரர் கொச்சியில் எழுதிவைத்த மலபார் ஆவணங்களின் பெருந்தொகுதி, ஆங்கிலேயர் கைக்கு மாறிச் சென்னை வந்து, எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அவற்றுள் சில 1908 முதல் சென்னை அரசால் அச்சிடப்பட்டும் உள்ளன. படைச்செலவுக் கணக்குகளிலும் குடியிருப்புப் பதிவுகளிலும் வெளுப்போருக்குக் கொடுத்த கூலியைத் தேடத் தொடங்க வேண்டிய இடம் அதுவே. அதற்கு டச்சு மொழி கற்ற தமிழ் மாணவர் ஒருவரேனும் வேண்டும்.